கிரிஸ்டல் பேலஸ் கோபுரத்திலிருந்து ஃப்ரீவியூ: லண்டன் வீடுகளில் படம் சிதறாமல் பெறும் வழி

லண்டனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும், ஆன்டெனா வழியாகச் சந்தா இல்லாமல் கிடைக்கும் டிஜிட்டல் தொலைக்காட்சிச் சேவையான ஃப்ரீவியூவைப் பார்க்கும் பெரும்பாலான வீடுகளுக்குப் படம் வந்து சேர்வது தென்கிழக்கு லண்டனின் மேட்டில் நிற்கும் கிரிஸ்டல் பேலஸ் கோபுரத்திலிருந்துதான். 219 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரம் 1956இல் பிபிசியின் ஒளிபரப்பைத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 4, 18 ஆகிய இரு நாள்களில் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்ட பிறகு, அங்கிருந்து வரும் டிஜிட்டல் ஒளிபரப்பின் கதிர்வீச்சுத் திறன் 200 கிலோவாட்டுக்கு உயர்ந்தது. இவ்வளவு வலிமையான கோபுரத்திலிருந்து இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வீட்டில் படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது என்றால், குறை பெரும்பாலும் கோபுரத்தில் இருக்காது. கூரைக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் இடையிலுள்ள சில மீட்டர் தூரத்தில்தான் இருக்கும்.

ஆனால் படம் சிதறியதும் நம்மில் பலர் செய்வது இரண்டே காரியங்கள். ஒன்று, ரிமோட்டை எடுத்துச் சேனல்களை மறுபடி தேடவிடுவது. மற்றொன்று, கடைக்குப் போய் அலையைப் பெருக்கும் கருவியான பூஸ்டர் வாங்கி வருவது. முதலாவது, நினைவில் இருந்த சரியான சேனல்களையும் அழித்துவிடக்கூடும். இரண்டாவது, லண்டனின் பல பகுதிகளில் நிலைமையை மேலும் கெடுத்துவிடும். எந்தக் கோபுரம், எந்தத் திசை, எந்த ஆன்டெனா, எந்தக் கேபிள் என்று வரிசையாகச் சரிபார்த்து, சேனல் தேடுவதைக் கடைசியில் வைத்துக்கொண்டால், பெரும்பாலான வீடுகளில் சிறு செலவிலேயே நிலையான படம் கிடைத்துவிடும். இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

கோபுரத்திலிருந்து என்ன வருகிறது

ஒரு சொல் விளக்கம் முதலில் தேவை. ரிமோட்டில் அழுத்தும் நிகழ்ச்சி எண்ணை இங்கே சேனல் என்றும், காற்றில் வரும் அலையின் எண்ணை அலைவரிசை எண் என்றும் குறிப்பிடுகிறேன். ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் ஒன்றாகக் கட்டி அனுப்பப்படுகின்றன. அந்தக் கட்டுக்கு மல்டிப்ளெக்ஸ் என்று பெயர். கிரிஸ்டல் பேலஸிலிருந்து நாடு தழுவிய சேனல்களைச் சுமந்துவரும் மல்டிப்ளெக்ஸ்கள் ஆறு.

பிபிசியின் வழக்கமான சேனல்கள் அலைவரிசை 23இலும், ஐடிவி1, சேனல் 4, சேனல் 5 ஆகியவை 26இலும், எச்டி சேனல்களில் முதன்மையானவை 30இலும் வருகின்றன. இந்த மூன்றும் பொதுச்சேவை மல்டிப்ளெக்ஸ்கள். பிஎஸ்பி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மற்ற மூன்றும் வணிக மல்டிப்ளெக்ஸ்கள். அவை 25, 22, 28 ஆகிய அலைவரிசைகளில் வருகின்றன. அலைவரிசை எண்ணை எட்டால் பெருக்கி 306ஐக் கூட்டினால் மெகாஹெர்ட்ஸ் அளவு கிடைக்கும். 23 என்றால் 490. 30 என்றால் 546. சில பெட்டிகள் அலைவரிசை எண்ணுக்குப் பதிலாக மெகாஹெர்ட்ஸைக் கேட்பதால், இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருப்பது பயன்படும்.

ஆறும் ஒரே கோபுரத்திலிருந்து வந்தாலும், ஆறும் ஒரே மாதிரி உறுதியானவை அல்ல. பிபிசியையும் ஐடிவியையும் சுமக்கும் முதல் இரண்டில், பிழை திருத்துவதற்கென்று மூன்றில் ஒரு பங்கு தரவு ஒதுக்கப்பட்டிருக்கிறது. வணிக மல்டிப்ளெக்ஸ்களில் நான்கில் ஒரு பங்குதான். அதனால் வீட்டுக்கு வந்துசேரும் அலையின் வரவு தளரும்போது வணிகச் சேனல்கள் முதலில் உடைகின்றன. 'பிபிசி ஒன் நன்றாகத்தானே வருகிறது, பிறகெப்படி ஆன்டெனாவில் குறை இருக்கும்?' என்ற கேள்விக்கு இதுவே பதில். பிபிசி வருவது ஆன்டெனா நலமாக இருப்பதற்குச் சான்று ஆகாது. அது விளிம்பில் நிற்பதாகவும் இருக்கலாம். எச்டி மல்டிப்ளெக்ஸ் டிவிபி-டி2 என்ற இரண்டாம் தலைமுறை முறையில் வருவதால், பழைய பெட்டிகளில் அது தெரியவே தெரியாது. எத்தனை முறை தேடினாலும் 101ஆம் எண்ணில் பிபிசி ஒன் எச்டி வரவில்லை, மற்றவை அனைத்தும் நன்றாக வருகின்றன என்றால், மாற்ற வேண்டியது ஆன்டெனாவை அல்ல, பெட்டியை. ஃப்ரீவியூ எச்டி என்று குறிக்கப்பட்ட செட்-டாப் பாக்ஸ் ஒன்றைப் பழைய தொலைக்காட்சியுடன் இணைத்தால் போதும்.

தமிழ் நிகழ்ச்சிகளை இணையம் வழியாகப் பார்க்கும் குடும்பங்கள் ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் நிறைய உண்டு. அத்தகைய வீடுகளில் கூரை ஆன்டெனா பெரும்பாலும் முந்தைய குடியிருப்பாளர் விட்டுச்சென்றதாக, யாரும் கவனிக்காமல் இருக்கும். செய்தி, வானிலை, பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகள், விளையாட்டு ஆகியவற்றை மாதச் சந்தா இல்லாமல், இணையம் அறுந்த நாளிலும் தருவது அந்த ஆன்டெனாதான். அதைச் சீர்செய்துகொள்வது வீண் செலவு அன்று. இப்படிக் கோபுரங்களிலிருந்து ஆன்டெனாவுக்கு வரும் நிலவழி ஒளிபரப்பின் உரிமங்கள் 2034 வரை நீட்டிக்கப்பட்டுள்ளன. ஆனால் எந்த வழியில் வந்தாலும் நேரலைத் தொலைக்காட்சி பார்ப்பதற்கு டிவி லைசென்ஸ் கட்டாயம் என்பதை மறந்துவிடக் கூடாது.

திசையும் தடைகளும்

ஃப்ரீவியூ இணையதளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால், எந்தக் கோபுரம் உங்கள் வீட்டுக்கு உரியது என்று காட்டும். அது கிரிஸ்டல் பேலஸ் என்றால், அடுத்துத் திசையை அறிய வேண்டும். வெம்பிளி, ஹாரோ பகுதிகளிலிருந்து கோபுரம் தென்கிழக்கே, திசைகாட்டியில் ஏறத்தாழ 133 பாகையில் இருக்கிறது. வெம்பிளிக்கு அது சுமார் 21 கிலோமீட்டர், ஹாரோவுக்கு 25. ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட் பகுதிகளிலிருந்து அது தென்மேற்கே, ஏறத்தாழ 215 பாகையில், 15 முதல் 18 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. டூட்டிங்கிலிருந்து நேர் கிழக்கே ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மத்திய கிராய்டனிலிருந்து வடக்கே ஆறு கிலோமீட்டருக்கும் குறைவு. 2019இல் கிரீனிச்சில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றாகின. இன்றும் லண்டனில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிதே. அதனால் திசைகாட்டியில் காணும் எண்ணைத் திருத்தாமல் அப்படியே பயன்படுத்தலாம். ஆனால் இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முள் பொய் சொல்லும். நான்கைந்து அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

அக்கம்பக்கத்துக் கூரைகளைப் பார்ப்பதும் நல்ல வழி. ஆனால் தெருவில் ஒரே ஓர் ஆன்டெனாவைப் பார்த்து முடிவு செய்யாமல், பெரும்பான்மை எந்தப் பக்கம் நோக்குகிறது என்று கவனிக்க வேண்டும். அவற்றின் குறுக்குக் கம்பிகள் தரைக்கு இணையாகக் கிடையாக இருக்கின்றனவா, செங்குத்தாக நிற்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். கிரிஸ்டல் பேலஸின் ஒளிபரப்பு கிடைநிலையில் வருகிறது. கம்பிகள் செங்குத்தாக நிற்கும் தெருவாக இருந்தால், அங்குள்ளவர்கள் முதன்மைக் கோபுரத்திலிருந்து அல்லாமல் சிறிய துணைக் கோபுரம் ஒன்றிலிருந்து பெறுகிறார்கள் என்று கொள்ளலாம்.

துணைக் கோபுரங்கள் எழுந்ததற்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. நார்த் டவுன்ஸ் குன்றுகளின் சரிவுகளிலும் பள்ளங்களிலும் இருக்கும் கேட்டரம், பிகின் ஹில், கென்லி போன்ற ஊர்களுக்குக் கோபுரம் நேர்ப்பார்வையில் இல்லை. அவற்றுக்கெனத் தனித் துணைக் கோபுரங்கள் உள்ளன. மனிதர் கட்டியவையும் மலையைப் போல மறைப்பதுண்டு. 1990களின் தொடக்கத்தில் கேனரி வார்ஃபில் 235 மீட்டர் உயரத்தில், துருப்பிடிக்காத எஃகு போர்த்த கட்டடம் எழுந்தபோது, அதற்குப் பின்னால் இருந்த கிழக்கு லண்டன் வீடுகளில் தொலைக்காட்சிப் படம் கெட்டது. 1991 ஏப்ரலில் பாப்லரில் ஒரு துணைக் கோபுரம் இயங்கத் தொடங்கிய பிறகு, மக்கள் தங்கள் ஆன்டெனாக்களை அந்தப் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. குடியிருப்பாளர்கள் தொடுத்த வழக்கு, அப்போது உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் அவை வரை சென்றது. ஒரு கட்டடம் எழுந்து நின்று அலையை மறைப்பது மட்டுமே இழப்பீட்டுக்குரிய தொல்லை ஆகாது என்று 1997இல் தீர்ப்பு வந்தது. உங்கள் வீட்டுக்கும் கோபுரத்துக்கும் நடுவே புதிய அடுக்குமாடி எழுந்தால், ஆன்டெனாவை உயர்த்துவதோ இடம் மாற்றுவதோ உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதே அதன் நடைமுறைப் பொருள்.

துணைக் கோபுரங்களில் பெரும்பாலானவை மூன்று பொதுச்சேவை மல்டிப்ளெக்ஸ்களை மட்டுமே அனுப்புகின்றன. பொதுச்சேவை ஒளிபரப்பு நாட்டின் 98.5 விழுக்காடு வீடுகளை எட்டுகிறது, வணிக மல்டிப்ளெக்ஸ்கள் சுமார் 90 விழுக்காட்டையே எட்டுகின்றன என்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. துணைக் கோபுரத்தை நம்பியிருக்கும் வீட்டில் சில சேனல்கள் இல்லாமற்போவது பழுது அன்று. அங்கே ஆன்டெனாவை இன்னும் உயரத்தில் நிறுத்திக் கிரிஸ்டல் பேலஸையே பிடிக்க முடியுமா என்று ஒரு முறை சோதித்துப் பார்ப்பது நியாயமானதே.

ஆன்டெனா

கடையில் பெரிதாக இருப்பதே நல்லது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். கிரிஸ்டல் பேலஸின் ஆறு மல்டிப்ளெக்ஸ்களும் 22க்கும் 30க்கும் இடையே அடங்கிவிடுகின்றன. 21 முதல் 37 வரை பெறுவதற்கென வடிவமைக்கப்பட்ட ஆன்டெனா ஏ பிரிவு எனப்படும். அதன் நுனியில் சிவப்பு அடைப்பான் இருக்கும். 21 முதல் 48 வரை பெறும் கே பிரிவின் நுனி சாம்பல் நிறம். பழைய அகலப்பட்டை ஆன்டெனாவின் நுனி கறுப்பு. அது 68 வரை பெறும். இந்தக் கடைசி வகையில்தான் இன்று சங்கடம் இருக்கிறது. 2013க்கு முன் தொலைக்காட்சிக்கு உரியதாக இருந்த மேல்பகுதி அலைகள் இரண்டு கட்டங்களாக கைபேசிச் சேவைக்கு மாற்றப்பட்டு, 2020இல் அந்தப் பணி முடிந்தது. இப்போது தொலைக்காட்சிக்கு 694 மெகாஹெர்ட்ஸ் வரைதான், அதாவது 48ஆம் அலைவரிசை வரைதான் இடம். கறுப்பு நுனி ஆன்டெனா, தேவையில்லாத 4ஜி, 5ஜி அலைகளையும் அக்கறையோடு வாங்கிப் பெட்டிக்குள் அனுப்பிவிடுகிறது. புதிதாக வாங்குவோர் ஏ அல்லது கே பிரிவை வாங்குவதே நல்லது.

வடிவத்தில், கம்பிகள் நுனியை நோக்கிப் படிப்படியாகக் குறுகிச் செல்லும் லாக் பீரியாடிக் வகையை லண்டன் வீடுகளுக்கு முதலில் பரிந்துரைப்பேன். அலையைத் திரட்டும் திறன், அதாவது ஈட்டம், அதில் பெரிதல்ல; ஆனால் பக்கவாட்டிலும் பின்னாலும் இருந்து, சுவர்களில் பட்டுத் தெறித்து வரும் தெறிப்பலைகளையும் மின் இரைச்சலையும் நன்றாக ஒதுக்கும், எல்லா அலைவரிசைகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் தரும். நகர விளிம்பில், மரங்களுக்குப் பின்னால், அல்லது சரிவில் இருக்கும் வீட்டுக்கு மட்டும் ஒரு நீண்ட தண்டில் பத்துக்கு மேற்பட்ட குறுக்குக் கம்பிகள் வரிசையாக அமைந்த, யாகி எனப்படும் வகையில் ஏ பிரிவு ஆன்டெனா தேவைப்படும்.

இடம் என்பதை ஆன்டெனாவின் விலையைவிட முக்கியமாகக் கருத வேண்டும். கூரைக்கு மேல் இருப்பதே சிறந்தது. கூரைக்கு அடியிலுள்ள மாடத்துக்குள் வைத்தால் ஓடுகளே அலையின் கணிசமான பகுதியை விழுங்கிவிடும். மழையில் நனைந்த ஓடுகள் இன்னும் அதிகமாக விழுங்கும். கூரையில் அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பக் காப்புப் பலகையோ சூரியத் தகடுகளோ இருந்தால் மாட ஆன்டெனாவை நினைக்கவே வேண்டாம். சன்னலோரத்தில் வைக்கும் சிறு ஆன்டெனா, கோபுரத்துக்கு மிக அருகில் உள்ள வீடுகளில் ஓரளவு வேலை செய்யும் என்றாலும், அறையில் ஆள் நடந்தாலே அதன் வரவு மாறும். வெப்பம் காக்கும் உலோகப் பூச்சுள்ள புதிய சன்னல் கண்ணாடி அலையைத் தடுக்கும்.

இந்த அலைவரிசைகளின் அலைநீளம் 55 முதல் 62 சென்டிமீட்டர் வரை. நேரே வரும் அலையும் சுவர்களில் பட்டுத் தெறித்த அலையும் ஓரிடத்தில் கூடி வலுப்பெறும். அரை மீட்டர் தள்ளி ஒன்றையொன்று அழிக்கும். ஆகவே கம்பத்தில் ஆன்டெனாவை அரை மீட்டர் மேலே அல்லது கீழே நகர்த்துவதும், புகைபோக்கியின் மறுபக்கத்துக்கு மாற்றுவதும், புதிய ஆன்டெனா வாங்குவதைவிட அதிகப் பயன் தருவதுண்டு. திசையைப் பொறுத்தவரை, லாக் பீரியாடிக் வகையில் சில பாகை பிசகினாலும் பாதகமில்லை. நீண்ட யாகியில் துல்லியம் தேவை.

ஏணியில் ஏறுவது குறித்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு மாடி வீட்டின் புகைபோக்கியில் ஆன்டெனா பொருத்துவது, கூரை ஏணியும் பாதுகாப்புக் கயிறும் பழக்கமும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. கன்ஃபெடரேஷன் ஆஃப் ஏரியல் இண்டஸ்ட்ரீஸ் என்ற தொழில் அமைப்பில் பதிவு செய்துள்ள ஒருவரை அழைத்து, இந்தக் கட்டுரையில் சொன்னவற்றை அவரிடம் கேட்டுப் பெறுவதே அறிவு. வாடகை வீட்டில் உரிமையாளரின் சம்மதமும், பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்ட வீட்டில் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதியும் முதலில் வேண்டும். அடுக்குமாடியில் பொது ஆன்டெனா இருக்கும். அதில் குறை இருந்தால் தனியே எதையும் மாட்டாமல் நிர்வாகத்திடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், முடிந்தால் அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு.

கேபிளும் இணைப்புகளும்

நான் கவனித்தவரை, லண்டன் வீடுகளில் மிகுதியான குறைகள் இருக்கும் இடம் இதுதான். எல்லோரும் கடைசியாகப் பார்க்கும் இடமும் இதுதான். சென்ற தலைமுறையில் போடப்பட்ட பழுப்பு நிறக் கேபிளில், நடுக்கம்பியைச் சுற்றியுள்ள செப்பு வலை மிகவும் தளர்வாகப் பின்னப்பட்டிருக்கும். அதன் இடைவெளிகள் வழியாக உள்ளே இருக்கும் அலை கசிகிறது, வெளியில் இருக்கும் மின் இரைச்சல் நுழைகிறது. கொதிகலன் பற்றவைக்கும்போதும், குளிர்பதனப் பெட்டி இயங்கத் தொடங்கும்போதும், மோட்டார் சைக்கிள் கடக்கும்போதும் ஒரு கணம் படம் உறைந்து ஒலி கீறலிடுகிறது என்றால், காரணம் பெரும்பாலும் இந்தக் கேபிள்தான். செப்புத் தகடும் செப்பு வலையும் சேர்ந்த இரட்டை உறையுள்ள செயற்கைக்கோள் தரக் கேபிளாக அதை மாற்றுவது, செய்யக்கூடிய சீர்திருத்தங்களில் முதன்மையானது. அலையின் வலிமை கூடுவதையும் குறைவதையும் டெசிபெல் என்ற அளவால் சொல்வார்கள். நல்ல கேபிள் இந்த அலைவரிசைகளில் 100 மீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல் இழக்கும். 20 மீட்டர் ஓட்டத்துக்கு மூன்று டெசிபெல்தான். ஆகவே சராசரி வீட்டில் கேபிளின் நீளம் கவலைக்குரியது அல்ல, அதன் தரமே கவலைக்குரியது.

ஆன்டெனாவின் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் புகுவது அடுத்த பெரிய குறை. புகுந்த நீர் செப்பு வலை வழியாகவே மெல்லக் கீழே இறங்கும், வலை கறுத்துப்போகும். மழை பெய்த மறுநாள் படம் கெட்டு, வெயில் வந்தபின் தேறுகிறது என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். இணைப்பைத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும். கேபிள் சுவருக்குள் நுழையுமுன் ஒரு தொங்கலான வளைவு விட்டால், வழிந்துவரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். ஒரு முறை நனைந்து கறுத்த கேபிளை உலர்த்திப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

சுவர்ச் சாக்கெட்டின் மூடியை அவிழ்த்துப் பார்ப்பதும் தவறக்கூடாத வேலை. செப்பு வலையின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் வரவு பெருமளவு விழுந்துவிடும். நடுக்கம்பி திருகுக்குள் சரியாக அமராமல் ஊசலாடினாலும் அப்படியே. சாக்கெட்டிலிருந்து பெட்டிக்குச் செல்லும் சிறு இணைப்புக் கம்பி, கட்டணமில்லாமல் கிடைத்த மெல்லிய வெள்ளைக் கம்பியாக இருந்தால், அதைத் தூக்கி எறிந்துவிட்டு, திருகிப் பொருத்தும் எஃப் கனெக்டர் வைத்து நல்ல கேபிளில் ஒன்று செய்துகொள்ளலாம்.

பூஸ்டர் எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்

கலங்கிய நீரைப் பெரிய குடத்தில் ஊற்றினாலும் அது தெளிவதில்லை. பூஸ்டரும் அப்படியே, தன்னிடம் வந்த அலையோடு அதிலுள்ள இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. ஒரே ஆன்டெனாவை இரண்டு அறைகளுக்குப் பிரித்தால் நான்கு டெசிபெல் அளவிலும், நான்கு அறைகளுக்குப் பிரித்தால் ஏழெட்டு டெசிபெல் அளவிலும் குறையும். அத்தகைய இழப்பை ஈடுகட்டவே பூஸ்டர் தேவை. பயன்படுத்துவதானால், மின்சாரம் கேபிள் வழியாகவே மேலே செல்லும்படி ஆன்டெனாவுக்கு அருகே கம்பத்திலேயே பொருத்தும் வகையை வாங்க வேண்டும். கேபிளில் அலை தேய்வதற்கு முன்பே பெருக்கினால்தான் இரைச்சலைவிட அலை மேலோங்கும். தொலைக்காட்சிக்குப் பின்னால் செருகும் வகையால் பெரும்பாலும் பயனில்லை.

டூட்டிங், ஸ்ட்ரெத்தம், நார்வுட், கிராய்டன் போன்ற இடங்களில் பிரச்சினை நேர்மாறானது. அங்கே கோபுரம் நேர்ப்பார்வையில் இருந்தால், கூரை ஆன்டெனா தரும் வரவு பெட்டியால் தாங்க முடியாத அளவுக்கு மிகும். ஆன்டெனாக்காரரின் அளவுக் கருவி காட்டும் டெசிபெல் மைக்ரோவோல்ட் அளவில், பெட்டியின் நுழைவாயிலில் வரவு 50 முதல் 65 வரை இருப்பதே நலம். மிகுந்த வரவின் அறிகுறி தெளிவானது: பெட்டியின் திரையில் வலிமை 100 என்று காட்டும், தரம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், சில சேனல்கள் காரணமில்லாமல் காணாமற்போகும். முந்தைய குடியிருப்பாளர் மாடத்தில் ஒரு பூஸ்டரை மாட்டிவிட்டுச் சென்றிருந்தால் முதலில் அதை நீக்க வேண்டும். அதன் பிறகும் மிகையாக இருந்தால், 6, 12, 18 டெசிபெல் அளவுகளில் கிடைக்கும், அலையின் வலிமையைக் குறைக்கும் சிறு தணிப்பானைக் கேபிளுக்கும் பெட்டிக்கும் நடுவே செருகிப் பார்க்க வேண்டும். சில பவுண்டுகளுக்குக் கிடைக்கும் அந்தச் சிறு பொருள், புதிய தொலைக்காட்சி வாங்கும் எண்ணத்தையே கைவிடச் செய்துவிடும்.

சேனல்களைப் பதிவுசெய்தல்

ஆன்டெனாவும் கேபிளும் சரியென்று உறுதியான பிறகே இதற்கு வர வேண்டும். தானியங்கித் தேடல் எளிமையானது; ஆனால் லண்டனைச் சுற்றியுள்ள வீடுகளில் அது பக்கத்து வட்டாரக் கோபுரங்களின் அலைகளையும் அள்ளிக்கொள்ளும். கிழக்கே கென்ட்டின் புளூபெல் ஹில், வடக்கே சாண்டி ஹீத், மேற்கே ஹானிங்டன் ஆகியவை அவற்றுள் சில. அப்படி ஆகும்போது பிபிசி ஒன்றில் லண்டன் செய்திக்குப் பதில் வேறு வட்டாரச் செய்தி வரும், அல்லது ஒரே சேனல் இரு முறை பதிவாகி ஒன்று 800க்கு மேற்பட்ட எண்ணில் போய் உட்காரும். உங்களுக்கு உரிய லண்டன் சேனலே 800க்கு மேலே இருந்தால், அது முதலில் பிடிபட்ட வெளியூர்ச் சேனலுக்கு இடம்விட்டு ஒதுங்கியிருக்கிறது என்று பொருள்.

இதைத் தவிர்க்கும் வழி கைமுறைப் பதிவு. முதலில் ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டுத் தானியங்கித் தேடலை ஓடவிட்டால், பழைய பட்டியல் முழுவதும் அழிந்து வெறுமையாகும். பிறகு கேபிளைச் செருகி, கைமுறைத் தேடலில் 23, 26, 30, 25, 22, 28 ஆகிய எண்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். 30ஐத் தேடும்போது டிவிபி-டி2 என்ற தெரிவைச் சில பெட்டிகள் தனியே கேட்கும். கைமுறைத் தேடல் இல்லாத பெட்டிகளில் இன்னொரு தந்திரம் உண்டு: தானியங்கித் தேடல் 21ஆம் அலைவரிசையிலிருந்து மேல்நோக்கிச் செல்வதால், 30ஐத் தாண்டியதும் கேபிளைக் கழற்றிவிட்டால் மேலே உள்ள வெளியூர் அலைவரிசைகள் பதிவாகாது.

கோபுரமும் ஆன்டெனாவும் காரணமல்லாத குறைகள்

கோடையிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் காற்றழுத்தம் உயர்ந்து நிற்கும் நாள்களில், வளிமண்டலத்தில் ஏற்படும் வெப்ப அடுக்குகள் வெகுதூரத்து அலைகளை வளைத்துக் கொண்டுவந்துவிடும். வழக்கமாக எட்டாத பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளின் ஒளிபரப்பு நம் அலைவரிசையின்மேல் வந்து மோதும். அன்று நல்ல ஆன்டெனாவிலும் படம் உடையும். செய்ய வேண்டியது எதுவுமில்லை. குறிப்பாகச் சேனல்களை மறுபடி தேடக் கூடாது. தேடினால், அந்த நேரத்தில் உடைந்துகிடக்கும் சேனல்கள் பட்டியலிலிருந்து போய்விடும். ஓரிரு நாளில் வானிலை மாறியதும் தானே சரியாகியிருக்க வேண்டிய ஒன்று, பழுதாக நிலைத்துவிடும்.

மரங்களைப் பற்றியும் எண்ணிப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் நன்றாக வந்த படம் மே மாதத்தில் சிதறத் தொடங்கினால், எதிர்த் தெருவில் தழைத்த மரம்தான் காரணமாக இருக்கும். ஈரமான இலைகள் இந்த அலைகளை வெகுவாக உறிஞ்சும். ஆன்டெனா பொருத்துபவர் குளிர்காலத்தில் வந்தால், கோடையில் அந்தத் திசையில் இலைத்திரை விழும் என்பதை அவரிடம் நீங்களே சொல்லிவிட வேண்டும்.

அருகில் புதிய கைபேசிக் கோபுரம் இயங்கத் தொடங்கிய வாரத்தில் எல்லாச் சேனல்களும் ஒருசேரத் தளர்ந்தால், கைபேசி அலைகளைத் தடுக்கும், கேபிளில் செருகும் வடிகட்டி ஒன்று தீர்வு தரும். பூஸ்டர் இருந்தால் வடிகட்டியை அதற்கு முன்னால் பொருத்த வேண்டும். பின்னால் பொருத்திப் பயனில்லை. 4ஜி, 5ஜி இடையூறுக்கு உள்ளாகும், தகுதியுள்ள வீடுகளுக்கு இந்த வடிகட்டியை ரெஸ்டோர் டிவி என்ற அமைப்பு கட்டணமின்றித் தருகிறது. கடையில் வாங்குமுன் அங்கே விசாரிக்கலாம்.

இவை எல்லாவற்றையும் பிரித்தறிய உதவும் ஒரு பழக்கத்தை வலியுறுத்துவேன். படம் நன்றாக வரும் ஒரு நாளில், பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் சிக்னல் விவரம் காட்டும் திரைக்குச் சென்று, ஆறு அலைவரிசைகளுக்கும் வலிமை, தரம் ஆகிய இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதித் தொலைக்காட்சியின் பின்புறத்தில் ஒட்டிவைக்க வேண்டும். இந்த எண்களைப் பெட்டி தயாரிப்பவர்கள் தத்தம் கணக்கில் காட்டுவதால், ஒரு பெட்டியின் எண்ணை மற்றொன்றோடு ஒப்பிட முடியாது. ஆனால் அதே பெட்டியின் பழைய எண்ணோடு ஒப்பிடலாம். பின்னாளில் படம் உடையும்போது ஆறும் ஒன்றாகத் தாழ்ந்திருந்தால் கேபிளையும் ஆன்டெனாவையும் பார்க்க வேண்டும். வலிமை மாறாமல் தரம் மட்டும் விழுந்திருந்தால் இடையூறோ மிகை வரவோ இருக்கிறது. ஒன்று மட்டும் தாழ்ந்து மற்ற ஐந்தும் நலமாக இருந்தால், தெறிப்பலையையோ, அந்த அலைவரிசையில் மட்டும் வந்து மோதும் வெளியூர் ஒளிபரப்பையோ சந்தேகிக்கலாம். ஆறும் அடியோடு இல்லையென்றால், அண்டை வீட்டில் படம் வருகிறதா என்று கேட்டுவிட்டு, ஃப்ரீவியூ இணையதளத்தில் கிரிஸ்டல் பேலஸில் பராமரிப்புப் பணி அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆன்டெனாக்காரரை அழைக்க வேண்டும்.